மொட்டை மாடிச் சூட்டுக்கு எது சரி: வெள்ளையா, சுருக்கியா, தெர்மாகோலா, நிழலா?

மேல்தளத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: வெயில் அடிக்கும்போதுகூடச் சமாளித்துவிடலாம், வெயில் போன பிறகுதான் முடியவில்லை. மதியம் 2 மணிக்கு ஓரளவு பரவாயில்லாமல் இருந்த அறை, இரவு 9 மணிக்குப் படுக்க விடாது. வெளியே வந்து நின்றால் காற்று நன்றாக இருக்கும். உள்ளே போனால் மின்விசிறி சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். அந்த நேரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையின் அடிப்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டுவிடாது, ஆனால் கொஞ்ச நேரத்தில் கை தானாக விலகும். உடம்பைவிடச் சூடான ஒரு பலகை அறை முழுக்கத் தலைக்கு மேல் கிடக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு மருந்து என்று பங்குனி பிறந்ததும் பல பேர் பல பொருள் விற்க வருவார்கள். கூல் ரூஃப் பெயின்ட், கூலிங் டைல்ஸ், சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம்), தெர்மாகோல், ஃபால்ஸ் சீலிங், பச்சை வலை, தகர ஷீட். அத்தனை பேரும் சொல்வது "10 டிகிரி குறையும் சார்". எங்கே குறையும்? மாடியின் மேல்பரப்பிலா, கூரையின் அடிப்பரப்பிலா, அறைக் காற்றிலா? எந்த மணிக்கு? இப்படித் திருப்பிக் கேட்டால் பேச்சு மாறும். வெள்ளை அடித்த மாடியின் மேல்பரப்பு உச்சி வெயிலில் 20 டிகிரி வரைகூடக் குறையலாம். அறைக்குள் அது 2 முதல் 5 டிகிரியாகத்தான் வந்து சேரும். அந்த 2 டிகிரியே தூக்கத்துக்குப் பெரிய விஷயம் என்பது வேறு.

கான்கிரீட் வாங்கி வைக்கும் கணக்கு

நம் ஊரில் கோடையில் சுவரைவிடக் கூரைதான் அதிகம் வெயில் வாங்குகிறது. ஏப்ரல் நடுவில் மதுரைக்கும், ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சென்னைக்கும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது சுவரில் பட வெயிலே இல்லை, எல்லாம் மாடியில்தான். தெளிவான உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1000 வாட் இறங்குகிறது. பழசாகிக் கறுத்த கான்கிரீட் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதில் கொஞ்சம் காற்றோடு போகும், கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திரும்பும், மிச்சம் கான்கிரீட்டுக்குள் இறங்கும்.

இறங்கியது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். 5 அங்குலக் கான்கிரீட் கூரையில் ஒரு சதுர மீட்டரின் எடை ஏறக்குறைய 300 கிலோ. ஒரு கிலோ கான்கிரீட்டை ஒரு டிகிரி சூடேற்ற 0.88 கிலோஜூல் வேண்டும். காலைக்கும் சாயங்காலத்துக்கும் இடையே கூரை முழுதும் சராசரியாக 15 டிகிரி ஏறினால், சதுர மீட்டருக்கு 3960 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3600 கிலோஜூல், அந்தக் கணக்கில் இது 1.1 யூனிட். 1000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, பொழுது சாயும்போது உங்கள் கூரைக்குள் 100 யூனிட் வெப்பம் உட்கார்ந்திருக்கிறது. 2016-இல் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரத் தொடங்கிய மின்சாரமும் 100 யூனிட்தான். சூரியன் அதை ஒரே பகலில் தந்துவிடுகிறது, வேண்டாம் என்று சொன்னாலும்.

இரவு முழுக்க இந்த 100 யூனிட் வெளியே போயாக வேண்டும். மேலே வானத்துக்கும் போகும், கீழே உங்கள் கட்டிலுக்கும் வரும். கீழே வருவதில் பெரும்பகுதி கதிர்வீச்சு. காற்றைச் சூடாக்கிக்கொண்டு வர வேண்டிய அவசியம் அதற்கில்லை, நேராக உடம்பில் வந்து படும். மின்விசிறியை ஐந்தில் வைத்தாலும் கூரையின் பார்வையிலிருந்து தப்ப முடியாததற்கு இதுதான் காரணம். கடலோரத்தில் இன்னொரு கஷ்டமும் உண்டு. காற்றில் உள்ள நீராவி, வானத்துக்குப் போகும் கதிரை வழிமறித்துத் திருப்பி அனுப்பும். வேலூரிலும் திருச்சியிலும் பகல் வெயில் சென்னையைவிடக் கொடுமை, ஆனாலும் வறண்ட இரவில் அங்கே மாடி சீக்கிரம் ஆறும். சென்னை மாடி விடியும்வரை ஆறாது.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். கூரைக்குக் கீழே உள்ள அறையில் நீங்கள் எந்த நேரத்தில் இருக்கிறீர்கள்? அங்கே ஏசி ஓடுகிறதா, விசிறி மட்டும்தானா? இது தெரியாமல் ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை.

சுருக்கியும் தட்டோடும்

பெரியவர்கள் முதலில் சொல்வது சுருக்கியைத்தான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட மண் ஓட்டைப் பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய கூரையே இந்த வகைதான்: தேக்கு விட்டங்கள், அதன் மேல் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக வைத்த செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லி, கடைசியாக ஓடு. நீர் ஒழுகாமல் காப்பதற்கு அருமையான ஏற்பாடு. சூட்டுக்கும் நல்லது என்பார்கள். பாதி உண்மை.

வெறும் கான்கிரீட்டில் மேலே ஏறிய சூடு அடிப்புறத்துக்கு வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதியம் 2 மணிச் சூடு சாயங்காலம் 5, 6 மணிக்குக் கூரையின் அடியில் உச்சம் தொடும். நாலு அங்குலம் சுருக்கி சேர்த்தால் இன்னும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். உச்சம் பாதிக்கும் கீழே குறையும், அது நிஜம். ஆனால் வந்து சேரும் நேரம் இரவு 9 மணி. நீங்கள் பாயை விரிக்கும் நேரம்.

தடிமன் கூட்டினால் பகலுக்கும் இரவுக்கும் உள்ள ஏற்ற இறக்கம் தட்டையாகும், நாள் முழுதுக்குமான சராசரி பெரிதாக அசையாது. மேலே செந்நிறத் தட்டோடு இருந்தால் அது உறிஞ்சும் அளவும் கான்கிரீட்டுக்கு ரொம்பக் குறைந்ததில்லை. வாங்குவது அதே அளவு, கொடுப்பது மட்டும் தாமதம். பகலில் மட்டும் இயங்கும் இடத்துக்கு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு டியூஷன் சென்டர், சாயங்காலம் பூட்டும் ஆபீஸ், இது பிரமாதம். சூடு கீழே வந்து சேரும்போது ஆளே இருக்க மாட்டார்கள். படுக்கையறைக்கு இதை மட்டும் நம்புவது வீண்.

சில பழைய வீடுகளில் சுருக்கிக்கு அடியில் மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். அது வேறு சமாச்சாரம். சட்டிக்குள் அடைபட்ட காற்று சூட்டைக் கடத்தாது, அதனால் அங்கே தாமதத்தோடு தடுப்பும் சேர்ந்து கிடைத்தது. சட்டி அடுக்கத் தெரிந்த கொத்தனாரை இன்று தேடிப் பிடிக்க வேண்டும்.

வெள்ளை

உள்ளே வந்த சூட்டைத் தடுப்பது, தாமதிப்பது, வெளியேற்றுவது எல்லாம் இரண்டாம் பட்சம். வாங்காமலே திருப்பிவிடுவதுதான் மலிவு. புதிதாக அடித்த நல்ல வெள்ளை, வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பும். கறுத்த கான்கிரீட் 70 சதவீதம் வாங்கிய இடத்தில் இது 20 சதவீதம்தான் வாங்குகிறது. மற்ற வழிகள் பலதும் நேரத்தோடு விளையாடுகின்றன, வெள்ளை அளவையே குறைக்கிறது. கூரை பகலில் வாங்காததை இரவில் கொடுக்க முடியாது.

வெள்ளைக்கு இன்னொரு குணமும் உண்டு, விளம்பரத்தில் அதிகம் வராது. கண்ணுக்கு வெள்ளையாக இருக்கும் சுண்ணாம்பும் பெயின்டும், தாங்கள் சூடானதும் வெளிவிடும் அகச்சிவப்பில் கறுப்பு மாதிரி நடந்துகொள்ளும். அதாவது வாங்குவதில் கஞ்சம், கொடுப்பதில் தாராளம். வாங்கிய கொஞ்சத்தையும் வானத்துக்கு வீசிக்கொண்டே இருக்கும்.

சில்வர் பெயின்ட் இங்கேதான் தோற்கிறது. அலுமினியப் பொடி கலந்த அந்தப் பெயின்ட் பளபளவென்று வெயிலைத் திருப்பும், ஆனால் வாங்கியதைக் கதிராக விட மனம் வராது. ஆகவே வெள்ளையைவிடச் சூடாகவே இருக்கும். இதில் ஒரு வேடிக்கை: கடையில் துப்பாக்கி மாதிரி ஒரு அகச்சிவப்பு வெப்பமானியை வைத்துப் பளபளப்பான ஷீட்டின் மேல் காட்டி, "பாருங்க, எவ்வளவு கம்மி" என்பார்கள். அந்தக் கருவி வெப்பத்தை நேராக அளப்பதில்லை, பரப்பு வெளிவிடும் கதிரை அளந்து கணக்குப் போடுகிறது. கதிரே விடாத பரப்பில் அது எப்போதும் குறைத்துத்தான் காட்டும். கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெள்ளையில் மூன்று வழி. சுண்ணாம்பு எல்லாவற்றிலும் மலிவு. கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி, பிடிப்புக்கு ஃபெவிகால் டிடிஎல் பசை சேர்த்து, தென்னை மட்டைத் தூரிகையிலோ ரோலரிலோ இரண்டு கோட் அடித்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுவிக்கொண்டு போய்விடும், அதனால் வருஷா வருஷம் செய்ய வேண்டும். மழைக்கு முன்னால் அடிப்பது காசைக் கரைப்பது. தை, மாசிதான் அதற்குக் காலம்.

கூல் ரூஃப் பெயின்ட் பல மடங்கு விலை, பல வருஷம் நிற்கும், சிலவற்றில் நீர்க்காப்பும் சேர்ந்து வரும். வாங்கும்போது எஸ்ஆர்ஐ என்கிற எண்ணைக் கேளுங்கள். வெயிலைத் திருப்புவதும் கதிராக விடுவதும் இரண்டும் சேர்ந்த எண் அது, 100-ஐ ஒட்டியோ மேலேயோ இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், மூன்று வருஷம் கழித்து எவ்வளவு நிற்கும் என்கிற எண். புதுப் பெயின்டின் எண்ணை எல்லோரும் பெரிதாக அச்சடிப்பார்கள், பழசின் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். வெள்ளை பிடிக்கவில்லை, சாம்பலோ வெளிர் பச்சையோ வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அதை மட்டும் திருப்பும் வண்ணங்கள் கிடைக்கின்றன. வெள்ளை அளவுக்கு வராது.

கூலிங் டைல்ஸ் பார்க்க அழகு, கூட்டிக் கழுவினால் மறுபடி வெள்ளை. ஆனால் சாந்தோடு சேர்த்து எடை கூடும், மழையில் வழுக்கும், இணைப்பில் விரிசல் விட்டால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எந்த வெள்ளையானாலும் எதிரி தூசியும் பாசியும்தான். லாரி போகும் சாலையோர வீட்டில் ஒரு வருஷத்தில் மங்கிவிடும். எதிர் மாடிக்காரர் கண் கூசுகிறது என்று சண்டைக்கு வரவும் வாய்ப்புண்டு. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடலாம், அங்கே கூரை வாங்கும் சூடு ஒரு வரம்.

அரசுகளும் இதைக் கையில் எடுத்திருக்கின்றன. அகமதாபாத்தில் 2017-இல் ஏழைகள் வாழும் பகுதிகளில் ஆயிரக்கணக்கான கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். தெலங்கானா 2023-இல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

தெர்மாகோலும் அதன் உறவினர்களும்

ஓர் அங்குலத் தெர்மாகோல், வெப்பத்தைத் தடுப்பதில் மூன்றடிக் கனக் கான்கிரீட்டுக்குச் சமம். அடைபட்ட காற்றின் மகிமை. கேள்வி, அதை எங்கே வைப்பது என்பதில்தான் இருக்கிறது. கூரைக்கு மேலேயா, கீழேயா?

மேலே வைத்தால் கான்கிரீட் வெயிலைப் பார்க்கவே பார்க்காது. அறையோடு சேர்ந்து நிழலில் இருக்கும். இரவில் ஜன்னலைத் திறந்து வைத்தால் அதே கான்கிரீட் குளிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் முற்பகல் வரை உதவும். எதிரியாக இருந்த 300 கிலோ உங்கள் பக்கம் சேர்ந்துவிடுகிறது. கூரை விரிந்து சுருங்கி வெடிப்பதும் குறையும். இதற்குச் சாதாரணத் தெர்மாகோல் ஆகாது, நீர் புகும், நொறுங்கும். எக்ஸ்பிஎஸ் என்கிற கெட்டி நுரைப் பலகை இரண்டு அங்குலம், அடியில் நீர்க்காப்பு, மேலே கம்பி வலையோடு ஒரு சிமென்ட் தளம், அதன் மேல் ஓடு. செலவு வலிக்கும். ஏற்கெனவே ஒழுகி, தளத்தையே கொத்தி மறுபடி போடப்போகிறீர்கள் என்றால் இதைச் சேர்த்துக்கொள்ளாமல் விடாதீர்கள். புது வீட்டுக்கும் அதேதான்.

கீழே, அதாவது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் பஞ்சு மாதிரியான ராக்வூலோ (கல் இழை) கிளாஸ்வூலோ (கண்ணாடி இழை) விரித்தால், கான்கிரீட் பழையபடி கொதித்துக்கொண்டுதான் இருக்கும், உங்களுக்கு மட்டும் தெரியாது. இரவில் சில மணி நேரம் ஏசி போடும் அறைக்கு இது நல்ல யோசனை. இல்லாவிட்டால் ஏசி முதலில் அந்த 300 கிலோவோடு மல்லுக்கட்ட வேண்டும், அறை குளிர நள்ளிரவு ஆகும். ஏசி இல்லாத அறைக்கும் கூரையின் கதிர் மறைவதால் பலன் உண்டுதான். ஆனால் உயரம் குறையும், விசிறி தலைக்கு நெருங்கும். வெறும் ஜிப்சம் பலகை மட்டும் மாட்டி, மேலே எதுவும் விரிக்காமல் விட்டுவிட்டு "சூட்டுக்குத்தான் போட்டோம்" என்பவர்கள் அழகுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

சூட்டை வாங்கி வைக்கக் கூரையில் பதிக்கும் மெழுகு வகையொன்றும் இப்போது பேச்சில் அடிபடுகிறது. உருகும்போது ஒரு கிலோ மெழுகு 200 கிலோஜூல் வாங்கிக்கொண்டும் சூடேறாமல் அப்படியே நிற்கும், இரவில் உறையும்போது அதைத் திருப்பித் தரும். படிக்க ஜோராக இருக்கிறது. கத்திரி வெயிலில் சென்னை இரவே 28, 29 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும்போது மெழுகு எப்போது உறைவது? உறையாத மெழுகுக்கு மறுநாள் வேலை இல்லை.

நிழல், தண்ணீர், செடி

மாடிக்கு மேல் இன்னொரு கூரை போட்டால் வெயில் கான்கிரீட்டில் விழாது. தகர ஷீட் தானே சூடேறிக் கீழ்நோக்கிக் கதிர் விடும். ஆனாலும் இடையில் காற்று ஓடுவதால் வெறும் மாடியைவிட எவ்வளவோ மேல். துணி காயப்போட, விசேஷத்துக்குப் பந்தி போட இடமும் கிடைக்கும். ஷீட்டின் மேல்புறம் வெள்ளையாக இருக்கட்டும். 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்தவர்களிடம் ஷீட்டை இறுக்கிக் கட்டச் சொல்லித் தர வேண்டியதில்லை. கீற்றுக் கொட்டகை எல்லாவற்றையும்விடக் குளுமை, தீபாவளி ராக்கெட் பயமும் கூடவே. பச்சை வலை வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஏற்றது, கோடை முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம்.

சோலார் போடும் எண்ணம் இருந்தால் அதையே நிழலாகவும் கணக்கில் எடுங்கள். விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கி, மிச்சச் சூட்டைப் பலகைக்கு அடியில் ஓடும் காற்றில் விட்டுவிடும். 3 கிலோவாட்டுக்கு 150 முதல் 200 சதுர அடி வரை மறையும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் இந்த அளவுக்கு ரூ.78,000 மானியம். பலகைகளைப் படுக்கையறைக்கு நேர் மேலே வரும்படி வைக்கச் சொல்லுங்கள். பலரும் மாடிப்படிக் கொட்டகை மேல் வைத்துவிட்டு அந்த லாபத்தை விடுகிறார்கள்.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 2400 கிலோஜூலைப் பிடுங்கிக்கொண்டு போகும். கூரையில் உள்ள 100 யூனிட்டையும் இறக்க 150 லிட்டர் போதும், ஆனால் அத்தனையும் ஆவியாக வேண்டும். ஊற்றியது ஓடிக் குழாயில் இறங்கிவிட்டால் பலன் சொற்பம். கோணிச்சாக்கை விரித்து நனைத்து வைத்தால் தண்ணீர் நின்று ஆவியாகும். மதியம் கொதிக்கும் தளத்தில் சட்டென்று கொட்டுவது வெடிப்புக்கு வழி, வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றுங்கள். லாரித் தண்ணீரை நம்பி இருக்கும் தெருவில் இதையெல்லாம் பேசக்கூட முடியாது.

மாடித் தோட்டம் வைப்பதானால் தொட்டிகளில் வையுங்கள், தரை முழுக்க மண் கொட்டாதீர்கள். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவு. ஈரமண் அரையடி போட்டாலே 250 கிலோவைத் தாண்டும்.

என் கணிப்பு

விசிறி மட்டும் ஓடும் வீடு, இரவில் படுக்க அறை வேண்டும் என்றால், முதல் செலவு வெள்ளைதான். தட்டோடு ஏற்கெனவே இருந்தால் பெயர்க்க வேண்டாம், அதன் மேலேயே அடியுங்கள். சுருக்கியின் தாமதமும் வெள்ளையின் மறுப்பும் சேர்ந்தால் ஓடு மட்டும் இருந்ததைவிட இரவு கண்கூடாக மாறும். நம்பிக்கை வரவில்லையா, ஒரு படுக்கையறைக்கு நேர் மேலே உள்ள பகுதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து, இரவு 9 மணிக்கு அந்த அறைக் கூரையையும் பக்கத்து அறைக் கூரையையும் கையால் தொட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்த வருஷம் பெயின்டுக்குப் போகலாம்.

ஏசி அறையென்றால் வெள்ளையோடு, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் ராக்வூல். ஒழுகும் மாடி என்றால் முதலில் ஒழுகலைச் சரி செய்யுங்கள், ஈரமான தளத்தில் எந்தப் பெயின்டும் உரிந்துவிடும். பட்ஜெட் இருந்து, தளத்தைப் புதிதாகப் போடுவதாக இருந்தால் எக்ஸ்பிஎஸ் மேலே, அதன் மேல் வெள்ளை.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் சுண்ணாம்புச் செலவைத் தாங்களே ஏற்பதாகச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலும் மறுக்க மாட்டார். மாடி வெள்ளையாவதில் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அதுவும் நடக்காவிட்டால் பச்சை வலை. தெர்மாகோல் அட்டைகளை அறைக்குள் கூரையில் ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். மின் இணைப்பில் ஒரு பொறி பட்டால் அது உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், அந்தப் புகையில் கதவைக்கூடத் தேட முடியாது.